டெஸ்க்டாப் தேடலுக்கு எது இயல்புக் கருவி: பலூ, லோக்கல்சர்ச், ரீகால்

மூன்றும் லினக்ஸில் ஃபைல்களைத் தேடித் தரும் கருவிகள். நீண்ட நாள் ஓட்டினால் மூன்றின் தேடல் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். கண்டுகொள்ளாமல் விட்டால் பின்னணியில் என்ன செய்கின்றன என்பதில்தான் குணம் தெரியும்.

கேடிஇ டெஸ்க்டாப்பின் பலூ 2014ல் அதன் பழைய தேடல் கருவியான நெப்போமுக்குக்குப் பதிலாக வந்தது. ஃபைல் பெயரை மட்டும் இன்டெக்ஸ் செய்தால் (தேடலுக்காக முன்கூட்டியே பட்டியலிட்டால்) இருப்பதே தெரியாது. உள்ளடக்கத்தையும் படிக்கச் சொல்லி, உங்கள் ஹோம் ஃபோல்டரில் சின்னச் சின்ன டெக்ஸ்ட் ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் (சோர்ஸ் கோடு, மெயிலுக்கு ஒரு ஃபைலாகச் சேமிக்கும் மெயில்டிர்) டிஸ்க் ஓயாது. இன்டெக்ஸ் எல்எம்டிபி என்ற தரவுத்தளத்தில் இருப்பதால் ஃபைல்களை அழித்தாலும் அதன் அளவு குறையாது. பலூசிடிஎல்6 கட்டளையில் பர்ஜ் கொடுத்துப் புதிதாகக் கட்டினால்தான் இடம் திரும்பும். பழைய பதிப்புகளில் இன்னொரு தலைவலி: பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ரீபூட்டுக்குப் பின் டிவைஸ் எண் மாறினால், எல்லா ஃபைலும் புதிது என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

க்னோம் டெஸ்க்டாப்பின் டிராக்கர் (47ஆம் பதிப்பிலிருந்து லோக்கல்சர்ச்) அடக்கமானது. டாக்குமென்ட்ஸ், மியூசிக், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய ஃபோல்டர்களை உள்ஃபோல்டர்களோடு படிக்கும். டவுன்லோட்ஸில் மேல்மட்டம் மட்டும். இரண்டாவது டிஸ்க்கில் இருப்பது கிடைக்கவில்லை என்ற புகார்களில் பலவற்றுக்கு இந்த வரம்பே காரணம். செட்டிங்ஸில் தேடல் இடங்களைச் சேர்த்தால் தீரும். ஒரு ஃபைலிலிருந்து 1 எம்பி டெக்ஸ்ட்தான் எடுக்கும் என்பதால் தடித்த புத்தகத்தின் பின்பாதி தேடலில் சிக்காமல் போகலாம்.

ஆழமான தேடலுக்கு ரீகால்தான். உள்ளே சேப்பியன் என்ற தேடல் எஞ்சின், ஃபைல் வகைக்கு ஒரு துணை நிரல். அந்த நிரல் இல்லாவிட்டால் உள்ளடக்கத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பதியும். எவை இல்லை என்ற பட்டியல் மெனுவில் உண்டு, முதல் இன்டெக்ஸ் முடிந்ததும் பாருங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்களுக்கு, படத்திலிருந்து எழுத்தை அறியும் (ஓசிஆர்) டெசராக்ட் நிரலின் தமிழ்த் தரவை நிறுவி, அமைப்புக் கோப்பில் பிடிஎஃப் ஓசிஆரை இயக்கலாம். முதல் முறை மெதுவாகத்தான் போகும். ஓசிஆர் முடிவுகள் தனியே சேமிக்கப்படுவதால் அடுத்த முறை அந்த வேலை இல்லை.

ஒரு டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸ் வெளியீட்டுக்கு) இயல்பாக வைப்பதானால்: பெயர்த் தேடல் எங்கும், உள்ளடக்கத் தேடல் டாக்குமென்ட்ஸுக்கு மட்டும். ரீகால் மென்பொருள் களஞ்சியத்தில் இருக்கட்டும், வேண்டியவர் நிறுவிக்கொள்வார். எல்லோர் மேலும் திணிக்கும் கருவியல்ல அது.

தமிழில் தேடுவோருக்கு: ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ பொதுவாக வராது, ரீகாலில் ‘மர*’ என்று கொடுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய ஃபைல்களில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றாதவரை எந்தக் கருவிக்கும் அவை தென்படாது.