பின்னம் பழக எந்த விளையாட்டு? பட்டையா, சீட்டா, கயிறா?

பின்னத்தை நடத்தி முடித்த மறுநாள், 1/4 பெரியதா 1/8 பெரியதா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 1/8 என்று பல குரல்கள் எழும். நாலைவிட எட்டு பெரியது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. இந்தத் தவறைப் பயிற்சித் தாளை மட்டும் வைத்துத் திருத்துவது பெரும்பாடு. விளையாட்டு திருத்திவிடும், ஆனால் எல்லா விளையாட்டும் அல்ல. எந்த விளையாட்டைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஒவ்வொரு முறை ஆடும்போதும் பிள்ளை பின்னத்தைப் பற்றி யோசித்தாக வேண்டுமா, யோசிக்காமலே நகர்ந்துவிட முடியுமா?

பிங்கோவில் நகர்ந்துவிடலாம். ஆசிரியர் ‘பாதி’ என்றதும் 2/4, 3/6 கட்டங்களைத் தேடி அடிக்க வேண்டும், சரி. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அடித்தாலும் கட்டம் நிறையும். கைபேசி வினாடி வினாவில் விடை சரியா தவறா என்று உடனே தெரிகிறது, அது நல்லதுதான். ஆனால் கடிகாரம் ஓடும்போது பிள்ளைகள் நாலு விடையில் ஒன்றைக் குத்துமதிப்பாக அமுக்கிவிடுகிறார்கள். இரண்டையும் திருப்புதலுக்கு வைத்துக்கொள்ளலாம். உண்மையான போட்டி மற்ற மூன்றுக்குள்தான்.

முதலாவது பட்டை. ஒரே நீளத்தில் ஐந்து காகிதப் பட்டைகள் வேண்டும். ஒன்றை முழுசாக விட்டுவிட்டு, மற்ற நான்கை மடித்து மடித்து 2, 4, 8, 16 துண்டுகளாக வெட்ட வேண்டும். பிள்ளைகளையே மடிக்க விடுங்கள், பாதிப் பாடம் அதிலேயே நடந்துவிடும். பகடையின் ஆறு முகங்களிலும் 1/2, 1/4, 1/8, 1/8, 1/16, 1/16 என்று எழுதி ஒட்ட வேண்டும். விழும் துண்டை முழுப் பட்டையின் மேல் அடுக்கிக்கொண்டே போய், மிஞ்சாமல் குறையாமல் முதலில் மூடுபவருக்கு வெற்றி. அரை, கால், அரைக்கால், வீசம் என்று இந்த நான்குக்கும் தமிழில் தனிப் பெயர் இருக்கிறது. துண்டின் பின்பக்கம் அதையும் எழுதச் சொல்வேன். அரைக்கால் என்றால் காலில் அரை. பெயரே பாடம் சொல்லிக்கொடுக்கிறது.

ஆனால் இதன் உயிர், திருப்பி ஆடும்போதுதான் தெரியும். முழுப் பட்டையை இரண்டு அரைகளால் மூடிவிட்டு, பகடையில் விழுவதை எடுத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு முறைக்கு ஒன்று எடுக்கலாம், அல்லது ஒரு துண்டைச் சில்லறை மாற்றலாம், இரண்டும் கூடாது. 1/16 விழுகிறது, பட்டையில் வீசமே இல்லை. அரையை மாற்றித்தான் ஆக வேண்டும். முதலில் எல்லோரும் எட்டு வீசங்களை எண்ணி வைப்பார்கள். நாலைந்து ஆட்டம் போன பிறகு, யாராவது ஒரு பிள்ளை 1/4, 1/8, 1/16, 1/16 என்று மாற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். மீதி அரையையும் சேர்த்தால், அடுத்து பகடையில் எது விழுந்தாலும் எடுக்கத் துண்டு தயார்! யாரும் சொல்லிக்கொடுக்காமல் வரும் இந்தக் கண்டுபிடிப்புக்காகவே பட்டையை நான் விடமாட்டேன்.

குறையும் உண்டு. பாதி பாதியாகவே போவதால் 1/3, 1/5 எல்லாம் இதில் வராது.

சீட்டில் அவை வரும். 1 முதல் 9 வரை எழுதிய சீட்டுகள் போதும், வேறு தயாரிப்பே வேண்டாம். ஆளுக்கு இரண்டு எடுத்து, சிறிய எண்ணைத் தொகுதியாக மேலே வைத்து, பெரிய பின்னம் யாருடையதோ அவர் நான்கையும் அள்ளிக்கொள்வார். இங்கே ஒரு ஆபத்து. குறுக்கே பெருக்கத் தெரிந்த பிள்ளை 3/8, 2/5 வந்ததும் 15, 16 என்று போட்டுவிட்டு 2/5 என்று சொல்லிவிடும். விடை சரி, ஆனால் அது பின்னத்தைப் பார்க்கவே இல்லை. அதனால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, காரணத்தை வாயால் சொல்ல வேண்டும் என்பது என் விதி. “3/8 பாதிக்கு 1/8 குறைவு. 2/5 பாதிக்கு 1/10தான் குறைவு. அப்போ 2/5 பெரிசு.” இப்படிச் சொன்னால்தான் சீட்டு. 5/6, 7/8 வந்தால் ‘ரெண்டிலும் ஒண்ணுதான் குறையுது, சமம்’ என்று அடம்பிடிப்பார்கள். குறைவது ஆறில் ஒன்றா எட்டில் ஒன்றா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள், அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் கயிறு. 0க்கும் 1க்கும் நடுவே 240 செ.மீ. இருக்கும்படி கட்டுங்கள். இந்த எண்ணில் விஷயம் இருக்கிறது: 2, 3, 4, 5, 6, 8, 10, 12 எதனால் வகுத்தாலும் மீதி வராது. பின்னச் சீட்டைக் கண்ணளவில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும், பிறகு அளந்து பார்த்து எத்தனை செ.மீ. தள்ளியிருக்கிறதோ அத்தனை புள்ளி அபராதம். 3/8 விழும் இடம் 90, 2/5 விழும் இடம் 96. 2/4ஐ மாட்டப் போனால் அங்கே 1/2 ஏற்கெனவே தொங்கும். 5/4க்காகக் கயிற்றை 1க்கு அப்பாலும் விட்டுவையுங்கள். பின்னமும் ஓர் எண்தான், அதற்கும் ஓர் இடம் உண்டு என்பது பட்டையிலும் சீட்டிலும் இவ்வளவு தெளிவாக விளங்குவதில்லை. ஒருவர் மாட்டும்போது மற்றவர்கள் சும்மா இருப்பதுதான் இதில் சிக்கல். மாட்டுவதற்கு முன்பே எல்லோரும் தங்கள் கணிப்பை நோட்டில் செ.மீ.யில் எழுதிவிட்டால் அது தீரும்.

எனக்கு ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் பட்டையை எடுப்பேன். மூன்றுக்கும் நேரம் இருந்தால் பட்டை, கயிறு, சீட்டு என்ற வரிசையில் போவேன். சீட்டு ஆடும் நாளிலும் பட்டைத் துண்டுகள் மேசையிலேயே கிடக்கட்டும். 1/4ஐயும் 1/8ஐயும் பார்த்து இன்னமும் தயங்கும் பிள்ளை, யாரையும் கேட்காமல் இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்துக்கொள்ளும்.