மக்கும் குப்பைப் பை: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஈரக்குப்பைக்கென விற்கும் மக்கும் பைகளில் பச்சை நிறமும் இலைப் படமும் எதற்கும் சான்றல்ல. உறையில் மக்கும் தன்மைக்கான இஎன் 13432 (EN 13432) அல்லது ஐஎஸ்ஓ 17088 (ISO 17088) என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆக்ஸோ’ என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம். அது சாதாரண பாலித்தீனில் வேதிப்பொருள் கலந்து பொடிப்பொடியாக உதிரச் செய்த சரக்கு. நுண்பிளாஸ்டிக்காக மண்ணிலேயே தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய சட்டத்தில் இதைத் தடைசெய்தது.

சான்று பெற்றவை பெரும்பாலும் ஸ்டார்ச்சும் பிபிஏடி என்னும் பாலியெஸ்டரும் கலந்தவை. தொட்டால் மெத்தென்றிருக்கும். நீராவியை வெளியே விடுவதால் நாற்றம் குறைவு. இது பெரிய நன்மை. ஆனால் அடியில் நீர் தேங்கினால் இரண்டு மூன்று நாளில் ஒட்டுப்பகுதி பிரிந்துவிடும். கழிவை வடித்துப் போடுங்கள், அடியில் செய்தித்தாளை மடித்து வையுங்கள். காற்றுத்துளை உள்ள கூடை இருந்தால் இன்னும் நல்லது. மொத்தமாக வாங்கிச் சேர்க்காதீர்கள். சூட்டிலும் ஈரத்திலும் பை உறைக்குள்ளேயே நொய்ந்துபோகும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். இஎன் 13432 உர ஆலையின் சூட்டை, அதாவது சுமார் 58 டிகிரி செல்சியஸை, மனத்தில் வைத்து எழுதிய தரம். 12 வாரத்தில் பை சிதைந்து, அதில் பத்தில் ஒன்பது பங்கு 2 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். வீட்டு உரத்தொட்டி அந்தச் சூட்டை எட்டுவது அரிது. அதற்கு ‘வீட்டு உரம்’ என்ற தனிச்சான்று பார்த்து வாங்குங்கள். குப்பை எடுப்பவர்கள் இந்தப் பையை ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். ஏற்காவிட்டால் கூடுதல் விலை வீண். மறுசுழற்சிக் கூடையில் மட்டும் போடாதீர்கள், மற்ற பாலித்தீனோடு கலந்து அதன் தரத்தையும் கெடுக்கும்.