கிஸ்கிட் ஏர் சிமுலேட்டர்: கலப்பு நிலைக் கணக்குக்கு நம்பி இறங்கலாம்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் குவாண்டம் கம்ப்யூட்டிங் படிப்பவர்கள் முதலில் நிறுவ வேண்டியது ஐபிஎம்மின் கிஸ்கிட் என்ற நிரல் தொகுப்பும், குவாண்டம் சுற்றுகளைச் சாதாரணக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க அதனுடன் ஓடும் ஏர் சிமுலேட்டரும்தான். இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம். ஐப்பசி மழையில் லைன் போனாலும் லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை வேலை நடக்கும்.

இதில் அருமையான பகுதி அடர்த்தி அணி முறை: தூயதோ கலப்போ, நிலை முழுவதையும் ஒரே எண் அட்டவணையாக வைத்திருக்கும். பெல் நிலையை (இரண்டு க்யூபிட்டுகள், அதாவது குவாண்டம் பிட்டுகள், பின்னிப் பிணைந்த நிலை) அளந்தால் 00 பாதி, 11 பாதி. காசு சுண்டிப் போட்டு 00 அல்லது 11 என்று தயாரித்த வெறும் கலவையை அளந்தாலும் அதே எண்ணிக்கைதான் வரும். அடர்த்தி அணியின் மேல் வலது மூலையைப் பாருங்கள்: பெல் நிலைக்கு 0.5, கலவைக்கு 0. பாடத்தில் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுவே. அது திரையில் எண்ணாகவே தெரிந்துவிடுகிறது.

சோதிக்க, பெல் நிலையை உருவாக்கும் ஒரு ஹாடமார்ட், ஒரு சிஎக்ஸ் என்ற இரு கேட்டுகளை (க்யூபிட் மீதான செயல்கள்) போட்டு, சிஎக்ஸ் மேல் 0.1 டீபோலரைசிங் இரைச்சல் (நிலையை முழுக் கலப்பை நோக்கித் தள்ளும் பிழை) ஏற்றுங்கள். மூலைவிட்டத்தில் 0.475, 0.025, 0.025, 0.475 வரவேண்டும், மூலையில் 0.45, தூய்மை (தூய நிலைக்கு 1, கலக்கக் கலக்கக் குறையும் அளவு) 0.8575. ஒன்பது பங்கு பெல் நிலை, ஒரு பங்கு முழுக் கலப்பு என்று கையால் போட்டாலும் இதே விடைதான்.

தூய்மை 1-லேயே நின்றால் இரைச்சல் ஏறவில்லை என்று பொருள். பெரும்பாலும் காரணம் கேட்டின் பெயர். இரைச்சலை சிஎக்ஸ் பெயரில் எழுதியிருப்பீர்கள், ட்ரான்ஸ்பைல் (ஓட்டுமுன் சுற்றை மாற்றி எழுதும் படி) அதை சிஇசட் என்ற வேறு கேட்டாக மாற்றியிருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. இந்தக் குறையை ஐபிஎம் சரிசெய்தே ஆகவேண்டும். அடர்த்தி அணி என்ற முறையின் பெயரையும் வெளிப்படையாகக் கொடுங்கள். ஸ்டேட்வெக்டர் முறையில் (ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு தூய நிலையை மட்டும் பின்தொடர்வது) ஓடினால் கிடைப்பது ஷாட்டுகளின், அதாவது பல ஓட்டங்களின், சராசரி, துல்லிய விடை அல்ல.

பழைய பாடங்களில் உள்ள 'எக்ஸிக்யூட்' கட்டளை 2024-இல் வந்த கிஸ்கிட் 1.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. ஏரையும் தனியாக நிறுவ வேண்டும்.

நினைவகம்தான் எல்லை. ஒரு க்யூபிட் கூடினால் தேவை நான்கு மடங்காகும்: 12-க்கு 256 எம்பி, 13-க்கு 1 ஜிபி, 14-க்கு 4 ஜிபி, 15-க்கு 16 ஜிபி. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் 13-உடன் நிறுத்திக்கொள்வது நல்லது. அணி முழுவதும் தேவையில்லை என்றால், சேமிக்கும் கட்டளையில் வேண்டிய க்யூபிட் எண்களை மட்டும் கொடுங்கள். பார்ஷியல் ட்ரேஸை (மற்ற க்யூபிட்டுகளை விலக்கி, கேட்டவற்றின் நிலையை மட்டும் எடுப்பது) அதுவே எடுத்துத் தரும். மேலே சொன்ன சுற்றில் ஒற்றை க்யூபிட்டைக் கேட்டால் தூய்மை சரியாக 0.5.