வியாழன் பிறந்த கதை: உருண்டு திரண்டதா, பால் போலத் திரிந்ததா?

இளம் சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் கலந்த ஒரு வட்டு சுழன்றது, கோள்கள் அதிலிருந்து வந்தன. இதில் இன்று பெரிய சண்டை கிடையாது. ஆனால் வியாழனைப் போன்ற வாயுக் கோள்கள் என்று வந்துவிட்டால் இரண்டு கட்சி.

ஒரு கட்சி கருத் திரட்சி. கட்டிலுக்கு அடியில் தூசி உருண்டை சேருவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் ஆரம்பம். தூசி ஒட்டி, பாறையும் பனிக்கட்டியுமாகப் பெருத்து, பூமியைப் போல் சுமார் 10 மடங்கு எடையுள்ள கருவாகிறது. அப்புறம் அது சுற்றியுள்ள ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் வாரி இழுத்துக்கொள்கிறது. இப்படி வளர்ந்த வியாழனின் எடை இன்று 318 பூமிகள்.

இன்னொரு கட்சி வட்டுக் குலைவு. முதலில் கரு உருவாகத் தேவையில்லை. குளிர்ந்த, கனத்த வட்டு தன் ஈர்ப்பாலேயே பால் திரிவது போலத் திட்டுத்திட்டாகிவிடும். பழைய யோசனைதான், 1997-இல் அமெரிக்க வானியலாளர் ஆலன் பாஸ் கணினிக் கணக்குகளோடு அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்.

வேகத்தில் குலைவுதான் முந்துகிறது. சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் ஆண்டுகளில் திட்டுகள் தோன்றிவிடும். கருத் திரட்சிக்கு 1990-களின் கணக்குப்படி பல பத்து லட்சம் ஆண்டுகள் வேண்டும். வட்டிலுள்ள வாயு தீர்ந்துபோகவும் ஏறக்குறைய அதே காலம்தான். பந்தி முடியும் நேரத்தில் இலை போட்ட கதை. கூழாங்கல் அளவுத் துணுக்குகளைக் கரு வேகமாக விழுங்கும் என்ற கணக்கு 2012 வாக்கில் வந்த பிறகே அந்தக் கட்சி மூச்சுவிட்டது.

என்னைக் கருத் திரட்சிப் பக்கம் சாய்த்தது விண்கற்கள். 1969 பிப்ரவரியில் மெக்சிகோவில் விழுந்த அயெந்தே கல்லை அறுத்த முகம் கரும்சாம்பல் நிறம். நடுநடுவே ஒழுங்கற்ற வெள்ளைத் துணுக்குகள். இத்தகைய துணுக்குகளின் வயது சுமார் 456.7 கோடி ஆண்டுகள். சூரியக் குடும்பத்தில் நாம் வயது கணித்த திடப்பொருள்களில் இவைதான் மூத்தவை. கடிகாரத்தை இங்கிருந்துதான் ஓடவிடுகிறோம். 2017-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் ஆய்வாளர்கள் இரும்பு விண்கற்களின் மாலிப்டினம், டங்ஸ்டன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறான வகைகளை) அளந்தார்கள். முதல் 10 லட்சம் ஆண்டுகளுக்குள் வட்டின் பொருள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, மேலும் சில பத்து லட்சம் ஆண்டுகள் கலக்காமலே இருந்திருக்கிறது. நடுவே வேலி போட்டது, 20 பூமி எடைக்கு வளர்ந்திருந்த வியாழனின் கரு என்றார்கள். வேறு விளக்கம் சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் ஒரு கோள் படிப்படியாக வளர்ந்ததைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய கல் சொல்கிறது என்பது எனக்குச் சாதாரண விஷயமாகப் படவில்லை.

2016-இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலம் இரு தரப்பையும் குழப்பியது. கருத் திரட்சி சொல்லும் கெட்டியான உருண்டை உள்ளே இருப்பதாகத் தெரியவில்லை, கருவே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கரு கரைந்து பரந்து கிடக்கிறது.

சரி, குலைவுக் கட்சி தோற்றுவிட்டதா? நம் வியாழன் விஷயத்தில் தோற்றதாகவே நினைக்கிறேன். ஆனால் 2019-இல் ஜி.ஜே. 3512 என்ற விண்மீனைச் சுற்றி ஒரு கோள் கிடைத்தது. விண்மீனின் எடை சூரியனில் எட்டில் ஒரு பங்கு. கோளோ குறைந்தது ஏறக்குறைய அரை வியாழன். அத்தனை சிறிய விண்மீனின் வட்டில் அவ்வளவு பெரிய கோள் வளர்வதைக் கருத் திரட்சிக் கணக்கால் எளிதில் விளக்க முடியவில்லை.