ஜவ்வாது மலையில் ஃபிரிட்ஜ் ஓட: கேஸா, சோலாரா, வீட்டு இன்வெர்ட்டரா?

மச்சானும் நானும் சேர்ந்து வாங்கிய கேம்பிங் டிரெய்லர் மூன்றாம் கையாக எங்களிடம் வந்தது. அதோடு வந்த பழைய ஃபிரிட்ஜ் கேஸிலும் ஓடும், 12 வோல்ட்டிலும் ஓடும், 230 வோல்ட்டிலும் ஓடும். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு வாசலில் நிற்கும் வரை கவலை இல்லை, உள்ளேயிருந்து ஒரு ஒயரை இழுத்தால் போதும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் தெரிந்தவர் நிலத்தில் நாலு நாள் தங்கப் போனால்தான் பிரச்சினை. அங்கே கரண்ட் லைன் கிடையாது. கூட வரும் அம்மாவுக்கு இன்சுலின் உண்டு. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதனால் மோர் சில்லென்று இருந்தால் போதும் என்று என்னால் விட முடியவில்லை. ஒரு வருடமாக ஒவ்வொரு வழியாகப் பார்த்துவிட்டேன்.

முதலில் அந்தப் பழைய ஃபிரிட்ஜ். இதில் கம்ப்ரஸர் இல்லை, மோட்டாரும் இல்லை. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் இரும்புக் குழாய்க்குள் அடைத்திருக்கிறார்கள். கீழே சூடு வைத்தால் அம்மோனியா தண்ணீரிலிருந்து பிரிந்து மேலே போகும், அங்கே ஆறித் திரவமாகும். பிறகு ஹைட்ரஜன் இருக்கும் பகுதிக்கு வந்து ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். 1922-இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. தீயை வைத்துக் குளிர் எடுப்பது இன்றைக்கும் எனக்கு அதிசயமாகத்தான் இருக்கிறது. சத்தமே வராது. ராத்திரி மலையில் பூச்சிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

கேஸில் ஓட்டினால் ஒரு நாளைக்குச் சுமார் 300 கிராம் போகும். 5 கிலோ சிலிண்டர் ஒன்று இரண்டு வாரம் தாங்கும். மேகம் மூடினாலும் மழை பெய்தாலும் அதற்குக் கவலை இல்லை. வெயில் மட்டும்தான் அதற்கு ஆகாது. வெளிச் சூட்டைவிட ஏறக்குறைய 20, 25 டிகிரிதான் இந்த வகையால் இறக்க முடியும். மலையில் ராத்திரி 18 டிகிரி இருக்கும்போது அருமையாக வேலை செய்தது. அக்னி நட்சத்திரத்தில் காட்பாடியில் 41 டிகிரி வெயிலில் நிறுத்தியபோது உள்ளே 17-க்குக் கீழே இறங்கவே இல்லை. பாலும் திரிந்துபோனது. ஃபிரிட்ஜின் பின்பக்கக் காற்றுத் துவாரத்தில் கம்ப்யூட்டருக்குப் போடும் சின்ன ஃபேன் ஒன்றை வைத்துச் சூட்டை வெளியே தள்ளியதில் மூன்று டிகிரி குறைந்தது. இன்சுலினுக்கு அது போதாது.

வண்டி மட்டமாக நிற்பதும் முக்கியம். உள்ளே திரவம் தன் பாரத்திலேயே வழிந்து ஓட வேண்டும். சாய்ந்து நின்றால் ஒரு இடத்தில் தேங்கிவிடும், பல மணி நேரம் அப்படியே எரியவிட்டால் குழாயே அடைத்துப்போகும். அப்புறம் சரிசெய்ய முடியாது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று டிரெய்லரில் எப்போதும் இருக்கிறது. மலையில் சமதரை கிடைப்பது சுலபமில்லை, சக்கரத்துக்குக் கீழே பலகை வைத்துத்தான் நிறுத்துகிறோம். பழைய டிரெய்லர் வைத்திருப்பவர்கள் பர்னரையும் கழற்றிப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் குளவி கூடு கட்டியிருந்தது. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது. அதனால் காற்றுத் துவாரங்களை எதற்காகவும் மூடக் கூடாது. அம்மோனியா நெடி வந்தால் அந்த ஃபிரிட்ஜை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். வண்டி ஓடும்போதும் பெட்ரோல் பங்குக்குள் போகும்போதும் தீ எரியவே கூடாது.

இதே ஃபிரிட்ஜின் 12 வோல்ட் சுவிட்சைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிரெய்லரைப் பார்த்துக் கொடுத்த மெக்கானிக், ராத்திரி பேட்டரியில் போட்டுக்கொள்ளலாம் என்றார். காலையில் ஜீப் ஸ்டார்ட் ஆகவில்லை. அது வெறும் ஹீட்டர். 120 வாட் என்று வைத்தாலும் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 2.9 யூனிட், அதாவது 12 வோல்ட்டில் 240 ஆம்பியர்-மணி. வண்டி ஓடும்போது, இன்ஜின் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது மட்டும் போடுவதற்காக வைத்த சுவிட்ச் அது.

சரி, 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ். 40 லிட்டர் பெட்டி, ஓடும்போது 45 வாட் இழுக்கிறது. கோடையில் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. பழைய ஃபிரிட்ஜின் ஹீட்டர் தின்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சாய்ந்து நின்றாலும் ஓடுகிறது, 41 டிகிரியிலும் உள்ளே 4 டிகிரி நிற்கிறது. 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரியில் 1.28 யூனிட் கொள்ளும், அதை முக்கால்வாசிக்கு மேல் தைரியமாக எடுக்கலாம். கூரைமேல் 200 வாட் பேனல் போட்டால் நல்ல வெயிலில் நாளுக்கு 0.7 யூனிட் வரை வருகிறது. ஆக வெயில் இருந்தால் கணக்கு சரியாகிவிடும், இல்லையென்றாலும் ஏறக்குறைய இரண்டு நாள் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்றாம் நாள்தான் சிக்கல். மர நிழலில் வண்டியை நிறுத்தினாலும் இதே கதிதான். நமக்கு நிழல் வேண்டும், பேனலுக்கு வெயில் வேண்டும். அதனால் ஒரு பேனலை நீள ஒயரோடு தரையில் வெயிலில் வைக்கிறோம். ஒயர் தடிமனாக இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் மெல்லிய ஒயர் போட்டால் வழியிலேயே வோல்ட் குறைந்து, பேட்டரி நிறைந்திருந்தாலும் ஃபிரிட்ஜ் நின்றுவிடும்.

மச்சானுக்கு இதில் உடன்பாடு இல்லை. “வீட்டு ஃபிரிட்ஜ் ஒண்ணு, வீட்டு இன்வெர்ட்டர் ஒண்ணு, டியூபுலர் பேட்டரி ஒண்ணு, அவ்வளவுதானே மாமா?” என்றான். பேச்சில் நியாயம் இருக்கிறது. இவை மூன்றும் வேலூரில் எந்தத் தெருவிலும் கிடைக்கும், ரிப்பேர் செய்யவும் ஆள் உண்டு, விலையும் குறைவு. ஆனால் ஃபிரிட்ஜ் ஓடாத நேரத்திலும் இன்வெர்ட்டர் தனக்கென்று 15 வாட் போல எடுத்துக்கொள்ளும். நாள் முழுக்கச் சேர்த்தால் 0.36 யூனிட், சின்ன ஃபிரிட்ஜ் சாப்பிடுவதில் மூன்றில் இரண்டு பங்கு. 150 ஆம்பியர் டியூபுலரைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுசு குறையும், எடையும் 50 கிலோவைத் தாண்டும். அதை ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வளைவுகளில் டிரெய்லரை இழுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் டிரெய்லர் என்றால் மச்சான் சொல்வதையே செய்யலாம்.

ஜெனரேட்டரை நான் யோசிக்கவே இல்லை. அந்த நிலத்துக்காரர் வீட்டுக் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் அதை ஓட்ட மனசு வராது.

ஐஸ் பாரை மட்டும் லேசாக எண்ணாதீர்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 93 வாட்-மணி சூட்டை விழுங்கும். 10 கிலோ ஐஸ் கிட்டத்தட்ட ஒரு யூனிட். இரண்டு ராத்திரி போய் வருகிறவர்களுக்கு நல்ல தடித்த பெட்டியும் மீன் மார்க்கெட் ஐஸும் போதும், வேறு செலவே வேண்டாம். இன்சுலினை மட்டும் ஐஸோடு ஒட்ட வைக்காதீர்கள், உறைந்தால் அது பயன்படாது.

இப்போது டிரெய்லரில் இரண்டும் இருக்கின்றன. கட்டிலுக்கு அடியில் கம்ப்ரஸர் பெட்டி, அதில் அம்மாவின் மருந்தும் பாலும். பழைய ஃபிரிட்ஜைக் கழற்றவில்லை. மலை குளிரும் நாட்களில் காய்கறியும் மாவும் அதில் கேஸில் இருக்கும். ஐப்பசிக்குள் அதன் கேஸ் டியூபையும் ரெகுலேட்டரையும் புதிதாக மாற்றிவிட வேண்டும்.