லாஸ் பின்யாஸ் மூங்கில் ஆர்கன்: மணிலா போனால் அரை நாள் ஒதுக்குங்கள்

மணிலாவுக்கு ஆபீஸ் வேலையாகப் போனதில் கிடைத்த ஒரே சனிக்கிழமை இது. மணிலாப் பக்கம் லாஸ் பின்யாஸில் இருக்கும் புனித சூசையப்பர் கோயிலுக்குக் கிளம்பினேன். எங்கள் பங்குக் கோயிலில் இருபது வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவன் நான். அங்கே மூங்கில் ஆர்கன், அதாவது மூங்கில் குழாய்களில் காற்றுப் புகுந்து ஒலிக்கிற பெரிய வாத்தியம், இருக்கிறது என்றதும், சும்மா வேடிக்கைக்கு வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

போன நேரம் உள்ளே கல்யாணம். விசாரிக்காமல் போனது என் தப்பு. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். ஆனால் பெண் உள்ளே நடக்கும்போது வாசித்தது வாசல்வரை வந்தது பாருங்கள், அப்போதே என் நினைப்பு மாறிவிட்டது. உலோகக் குழாயின் கூர்மை இல்லை. பத்து இருபது புல்லாங்குழல்காரர்கள் ஒரே மூச்சில் ஊதுகிற மாதிரி, ஓரத்தில் கொஞ்சம் காற்றோடு.

அப்புறம் மாடிக்கு ஏறிக் கிட்டத்தில் பார்த்தேன். மொத்தம் 1031 குழாய்கள், அதில் 902 மூங்கில். கட்டியவர் தியேகோ செரா என்கிற ஸ்பானியத் துறவி, இந்தப் பங்கின் சாமியார். 1816-இல் மூங்கிலை வெட்டிக் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார். பூச்சிக்குத் தப்பியதைத்தான் குழாய்க்கு எடுத்தார். பந்தல் மூங்கிலை என் தாத்தா குளத்தில் ஊறப்போடுவார். கிட்டத்தட்ட அதே சூட்சுமம்தான். 1821-இலேயே வாசிக்கிற நிலைக்கு வந்துவிட்டது. டிரம்பெட் குழாய்கள் மட்டும் பாக்கி. அந்தச் சத்தம் மூங்கிலில் வராது என்று ஒத்துக்கொண்டு, உலோகத்தில் செய்து 1824-இல் முடித்தார். அவை மட்டும் நிமிர்ந்து நிற்காமல், கீழே உட்கார்ந்திருக்கும் சனத்தைப் பார்த்துப் படுக்கைவசமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. ஒரே ஒரு கட்டை வரிசைதான். ஆனால் இடது பாதிக்கும் வலது பாதிக்கும் தனித்தனி ஸ்டாப், அதாவது எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற பிடி. இடது கைக்கு ஒரு குரல், வலது கைக்கு இன்னொன்று. என் கீபோர்டில் ‘ஸ்ப்ளிட்’ பட்டனை அமுக்கி நான் செய்கிற வேலையை, பழைய ஸ்பானிய ஆர்கன்காரர்கள் மரத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள்! குருவிச் சத்தத்துக்கு ஒரு ஸ்டாப், முரசுக்கு ஒன்று. குருவியைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற குழந்தை கூரையை அண்ணாந்து தேடியது.

நிலநடுக்கத்திலும் புயலிலும் அடிபட்டுக் கிடந்ததை 1973-இல் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். பான் நகரத்தில் ஆர்கன் கட்டுகிற கிளைஸ் பட்டறை சரிசெய்ய, 1975-இல் ஊர் திரும்பியது.

போகிறவர்கள் கல்யாணம், பூசை நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மணிலா டிராபிக்குக்குத் தனியாக இரண்டு மணி நேரம் வையுங்கள். 1976-இலிருந்து பிப்ரவரியில் இந்த ஆர்கனுக்கென்றே இசை விழா நடத்துகிறார்கள். அந்த மாதம் மணிலா வேலை வந்தால் ஆபீசில் முதல் கை என்னுடையதுதான்.