தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா, பிராசசருக்குள் இருப்பதே போதுமா?

அக்காவையும் அவர் மகனையும் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேருக்கு அழைத்துப் போயிருந்தேன். பையன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு சேர்கிறான், மேசைக் கணினி வேண்டும். கடைக்காரர் விலைப்பட்டியலில் இரண்டு கணினிகளை வட்டமிட்டுக் காட்டினார். ஒன்றில் திரைக்குப் படம் வரையும் தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்டு, மற்றதில் இல்லை, அந்த வேலையைப் பிராசசரே பார்த்துக்கொள்ளும். விலையில் 600 வெள்ளிக்கு மேல் வித்தியாசம்.

"தம்பி, அந்த 600 வெள்ளி இல்லாமல் இவன் படிக்கவே முடியாதா?" என்று அக்கா கேட்டார்.

நான் பையனைப் பார்த்து, கணினியில் என்னென்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "நிரல் எழுதணும் மாமா" என்று தொடங்கியவன் உடனே திருத்திக்கொண்டு, "நிரல் எழுத வேண்டும், நண்பர்களோடு வேலரன்ட் விளையாட வேண்டும், ஒருவேளை முப்பரிமாண அனிமேஷனும் கற்கலாம்" என்றான். அந்த "ஒருவேளை"க்குத்தான் 600 வெள்ளி. இந்த அலசலும் அதைப் பற்றியதுதான்.

முதலில் வேறுபாட்டைப் பார்ப்போம். பிராசசருக்குள்ளேயே அமைந்த கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் ரேமில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. 16 ஜிபி ரேம் வாங்கி, 2 ஜிபியைப் படம் வரைய ஒதுக்கினால், மற்ற வேலைகளுக்கு 14 ஜிபிதான் மிஞ்சும். இந்தப் பங்கீட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேகத்தில்தான் உண்மையான இடைவெளி இருக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசரால் இரண்டு டிடிஆர்4-3200 வகை ரேம் குச்சிகளோடு நொடிக்கு 51.2 ஜிபி தரவைப் பெற முடியும், அதையும் பிராசசரும் கிராஃபிக்ஸும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரே குழாயில் இரண்டு வீட்டார் குடம் பிடிப்பதைப் போன்றது இது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, தன் சொந்த 12 ஜிபி நினைவகத்திலிருந்து நொடிக்கு 360 ஜிபி இழுக்கிறது. ஏறக்குறைய ஏழு மடங்கு.

குழாய் சிறியது என்பதால்தான் ரேம் குச்சிகளின் எண்ணிக்கை இவ்வளவு முக்கியமாகிறது. எங்கள் புளோக்கிலேயே இருக்கும் நண்பர் ஒருவர், புதிய கணினியில் மகனுடைய கேம் திணறுகிறது, கார்டு வாங்கிப் போடலாமா என்று கேட்டார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ரேமுக்கு நான்கு இடங்கள் இருந்தன, 16 ஜிபி குச்சி ஒன்றே ஒன்று நின்றது. ஒற்றைக் குச்சி என்றால் 51.2 என்பது பாதியாகி 25.6 ஆகிவிடும். அதைக் கழற்றிவிட்டு, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது இடத்திலும் நான்காவது இடத்திலும் 8 ஜிபி குச்சிகளைப் பொருத்தி, இரு முனைகளிலும் "டக்" என்று கொக்கி விழும்வரை அழுத்தினேன். மொத்த அளவு அதே 16 ஜிபிதான். ஆனால் நொடிக்கு 30 ஃபிரேமை, அதாவது 30 படங்களை, தொட்டு மூச்சு வாங்கிய அதே கேம் 50ஐ நெருங்கியது. கார்டு வாங்கும் பேச்சு அன்றோடு நின்றது. பிராசசர் கிராஃபிக்ஸை நம்பி ஒருவர் கணினி வாங்கினால் நான் முதலில் கேட்பது, எத்தனை ஜிபி என்பதை அல்ல, எத்தனை குச்சி என்பதையே. 2025ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. அதனால் கடைகள் ஒற்றைக் குச்சியோடு கணினியை விற்க முனையும். விடாதீர்கள்.

இந்த வழியில் என்னென்ன நடக்கும்? அலுவலக வேலை, இணைய வகுப்பு, நிரல் எழுதுதல், காணொளி பார்த்தல் எல்லாம் தடையின்றி நடக்கும். ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட், வேலரன்ட் போன்றவை முழு எச்டி திரையில் அமைப்புகளைச் சற்றுத் தணித்தால் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் ஓடும். 2024 ஜனவரியில் வெளிவந்த ரைசன் 8000ஜி வரிசை இன்னும் ஒரு படி மேல். அவை டிடிஆர்5 ரேமைப் பயன்படுத்துவதால் 6000 வேகக் குச்சிகள் இரண்டு போட்டால் குழாய் 96 ஜிபிக்கு அகலமாகிறது. காணொளி வெட்டி ஒட்டுவோருக்கு இன்டெல் பிராசசரின் உள் கிராஃபிக்ஸும் நல்ல துணை. 2011 முதல் இருந்துவரும் குவிக் சிங்க் வசதி, காணொளியைச் சுருக்கும் வேலையைப் பிராசசரின் தோளிலிருந்து இறக்கிவைக்கிறது.

தனி கார்டு எங்கே தவிர்க்க முடியாதது என்பதைத் தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கேம்களை உயர்ந்த அமைப்பில், கூர்மையான திரையில் ஆட வேண்டுமென்றால் கார்டுதான். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் காட்சிகளை உருவாக்குபவருக்கும், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் தம் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க விரும்புபவருக்கும் அதுவேதான். பின்னவருக்கு இரண்டு செய்திகள். பல கருவிகள் கூடா (CUDA) என்ற மென்பொருள் தளத்தை நம்பியிருக்கின்றன, அது என்விடியா கார்டுகளுக்கே உரியது. மேலும் அங்கே வேகத்தைவிட நினைவக அளவே கதவைத் திறக்கிறது. மாதிரி 10 ஜிபி கேட்டால், 8 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 4060 புதியதாக இருந்தும் தடுமாறும், அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த 12 ஜிபி 3060 அமைதியாகச் செய்து முடிக்கும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பொருள்கள்தாம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

மலிவான கார்டை எடுத்துக்கொள்வோம். ஜிடி 1030 இன்னும் பழைய பொருள் விற்கும் தளங்களில் சுற்றுகிறது. 2017இல் வந்தது நொடிக்கு 48 ஜிபி வேக நினைவகத்தோடு வந்தது. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது, அதன் வேகம் 16.8 ஜிபி மட்டுமே. பெயர் ஒன்று, உள்ளிருக்கும் பொருள் வேறு. 5600ஜிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸே இவ்விரண்டையும் முந்திவிடும். "தனி கார்டு" என்ற சொல்லைக் கேட்டு அதை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், வீட்டில் ஏற்கெனவே இருப்பதைவிடக் குறைந்த ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

மறுமுனையில் ரைசன் 7 8700ஜி. ரேடியான் 780எம் என்ற திறமான கிராஃபிக்ஸ் உள்ளே இருக்கிறது, பொறியியல் அழகில் எனக்குப் பிடித்த சில்லு. ஆனால் அறிமுக விலை 329 அமெரிக்க டாலர். அப்போது 100 டாலர் அளவிலான இன்டெல் ஐ3 12100எஃப் பிராசசரோடு 200 டாலர் அளவில் கிடைத்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டைச் சேர்த்தால் மொத்தம் அதைவிடக் குறைவு, கேம்களில் வேகமோ இரு மடங்குக்கு மேல். பெட்டி மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் உள்ளவருக்கு மட்டுமே 8700ஜியைச் சொல்வேன்.

நம் ஊருக்கே உரிய கணக்கு ஒன்றும் உண்டு. கார்டு வாங்கினால் மின்கட்டணம் எகிறும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆர்டிஎக்ஸ் 3060 முழு வேகத்தில் 170 வாட் எடுக்கும். நாளுக்கு மூன்று மணி நேரம், மாதம் முழுவதும் என்றால் ஏறத்தாழ 15 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் நாலரை வெள்ளி. அஞ்சத் தேவையில்லை. அஞ்ச வேண்டியது வெப்பத்துக்கு. அந்த 170 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகவே இறங்குகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சிறிய படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு, குளிர்சாதனம் இல்லாமல் ஏப்ரல் மாதப் பிற்பகலில் விளையாடிப் பாருங்கள், முதுகு நனைந்துவிடும். பிறகு குளிர்சாதனத்தைப் போடுவார்கள், கட்டணம் அங்கேதான் ஏறும். 65 வாட் அளவிலான 5600ஜி அந்த அறையில் ஒரு சிறு விசிறிச் சத்தத்தோடு முடித்துக்கொள்ளும். அதே அறையில் தம்பியோ தங்கையோ தூங்குகிறார்கள் என்றால் இது சிறிய விஷயமல்ல.

வாங்கும்போது பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் படியுங்கள். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். தெரிந்தவர் ஒருவருக்கு ஒரு கடையில் எஃப் பிராசசரைக் கார்டு இல்லாமலே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் மின்விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. மானிட்டர் கெட்டுவிட்டது என்று எண்ணி அவர் புதிதாக ஒன்று வாங்கவே போய்விட்டார். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. புதிய கார்டைப் பொருத்திவிட்டு, திரையின் கம்பியைப் பழையபடி மதர்போர்டில் செருகியவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்! கம்பி கார்டின் பின்புறத்தில் இருக்க வேண்டும்.

கார்டு வாங்குபவரும் உள் கிராஃபிக்ஸ் சிறிதளவாவது உள்ள பிராசசரை எடுப்பது நல்லது. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் அது உண்டு. என்றாவது கார்டு பழுதானால் திரையில் படம் வரும், கோளாறு எங்கே என்று தேட முடியும்.

அக்கா மகன் கதைக்கு வருகிறேன். ஆறு மாதத்தில் கார்டு நிச்சயம் என்றிருந்தால் ரைசன் 5 7600ஐத்தான் சொல்லியிருப்பேன். 8000ஜி வரிசையின் ரைசன் 5 8600ஜியில் எல்3 என்ற உள் விரைவு நினைவகம் 16 எம்பி, 7600இல் அதன் இரு மடங்கு, கார்டோடு சேரும்போது அது உதவும். ஆனால் இப்போது அவனுக்கு நிச்சயமானது நிரலும் வேலரன்ட்டும்தான். அதனால் ரைசன் 5 8600ஜி, 8 ஜிபி டிடிஆர்5 குச்சிகள் இரண்டு, பின்னால் கார்டைத் தாங்கும் அளவுக்கு 550 வாட் பவர் சப்ளை. சற்று மலிவான 8500ஜியைக் கடைக்காரர் எடுத்து வைத்தார், வேண்டாம் என்றேன். கார்டுக்கு அது நான்கு தரவுப் பாதைகளைத்தான் விடும், 8600ஜி எட்டு விடும்.

மதர்போர்டில் கார்டுக்கான நீண்ட இடம் காலியாக இருப்பதைப் பையன் கண்ணாடித் தகடு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டாம் பருவத்தில் அனிமேஷன் பாடத்தை எடுத்துவிட்டு வந்தால் கார்டுக்குப் பாதிப் பணம் நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். 12 ஜிபியாகப் பார்த்து வைத்திருக்கிறான்.